இரண்டாவது பாட்டில் பதினோரு வினாடி

எதிரே சிற்பப் பட்டறையில் வரதன் சுத்தியலை ஓங்கி உளியின் தலையில் இறக்குவது மாடி ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரிந்தது. கல்லிலிருந்து தூள் பறந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

ஜெயந்த் கிட்டாரை மடியிலிருந்து இறக்காமலே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். காது அடைத்துவிட்டதோ என்று விரலைச் சொடுக்கினான். கேட்டது. தெருவில் ஒரு ஸ்கூட்டர் போனது, அதுவும் கேட்டது. கீழே ஏழு வயது மகள் ஹம்சினி பொம்மைகளுக்குப் பாடம் நடத்துவதும், மனைவி கோதை குக்கரை இறக்குவதும், சனிக்கிழமை மத்தியான வெயிலில் பட்டறையின் தகரக் கூரை சடசடப்பதும் கேட்டன. மாமல்லபுரத்துக்குக் குடிவந்த இரண்டு வருடமாகக் காலை எட்டு மணியிலிருந்து அவன் மண்டையில் விழுந்துகொண்டிருந்த அந்த ஒரே சத்தம்தான் இல்லை. தொல்லை விட்டது என்று நினைத்துக்கொண்டான். அவனுக்கு அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை.

ஜெயந்துக்கு உலகத்தில் பெரும்பாலான சத்தங்கள் பிடிக்காது. அவற்றை உண்டாக்கும் மனிதர்களை அதைவிடப் பிடிக்காது. கல்யாண மண்டப மைக், கோயில் ஒலிபெருக்கி, கடற்கரை ரிசார்ட்டுகளில் வாராவாரம் வந்து கத்திவிட்டுப் போகும் பையன்கள், எல்லாம் அவனுக்கு ஒன்றுதான். கம்ப்யூட்டரில் ஒரு பட்டனை அமுக்கி ஐம்பது வருடத்துப் பழைய கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் குரலை வரவழைக்கிறவர்களை அவன் ஆள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பான். கற்பூரம் யார் என்று யாரும் கேட்டதில்லை, அவன் முகத்திலேயே எழுதியிருக்கும்.

அவன் கும்பிட்டது ஒரே ஒரு சாமியை. எழுபதுகளின் தொடக்கத்தில் இதே கடற்கரையில் ஒரு ஹோட்டல் கூடத்தில் வாசித்துக்கொண்டிருந்த ‘லைட்ஹவுஸ் ஃபோர்’ என்ற நாலு பேர் இசைக்குழு. அவர்கள் போட்டது ஒரே ஒரு சின்ன இசைத்தட்டு, பக்கத்துக்கு இரண்டாக நாலு பாட்டு. பாடியவள் வசந்தா. கிட்டார் ஸ்டான்லி. முதல் பக்கத்தின் இரண்டாவது பாட்டில், வசந்தா பாடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டான்லி உச்சத்தில் ஒரு சுரத்தைப் பிடித்துப் பதினோரு வினாடி நிறுத்துவார். அதன் அடியில், யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுவதைப் போல, இன்னொரு சுரம் சேர்ந்து வரும். அந்த அடிச்சுரம்தான் ஜெயந்துக்கு வேண்டும். பதினைந்து வருடமாக வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. இசைத்தட்டின் மறுபக்கத்தில் வசந்தா பாடவே இல்லை, இரண்டும் வெறும் வாத்தியம். அந்தக் குழு அதில்தான் முதிர்ச்சி அடைந்தது என்பது அவன் கட்சி. குரல் என்பது கிட்டார் புரியாதவர்களுக்குக் கொடுக்கிற சலுகை என்று தன் வாட்ஸாப் குழுவில் எழுதியிருந்தான்.

ஸ்டான்லி அந்த ஒலிப்பதிவுக்கு வாடகைக்கு எடுத்து வாசித்த அதே ஆம்ப் போன மாதம் திருக்கழுக்குன்றத்தில் கிடைத்தது. மைக் செட் கடை வைத்திருக்கும் நூர்முகமதுவின் பரணில், சீரியல் செட்டுகளுக்கும் உடைந்த குழாய் ஸ்பீக்கர்களுக்கும் பின்னால் கிடந்தது. அவர் அத்தா டூரிங் டாக்கீஸ் ஒன்றுக்காகச் செய்த வால்வு ஆம்ப். தேக்குப் பெட்டி, முன்னால் பழுப்பேறிய துணி. நூர்முகமது பின்பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார்.

“கண்டென்சர் உப்பிகினு கீது சார். இத்தோட போட்டா நீங்க வாசிக்கறது ஒண்ணு, அடியில வர்றது வேற ஒண்ணு. அரை மணி நேரம் குந்துங்க, மாத்திக் குடுத்துர்றேன்.”

“தொடாதீங்க. இதெல்லாம் கல்யாணத்துக்கு மைக் கட்டுற விஷயம் இல்ல.”

நூர்முகமது அவனை ஏற இறங்கப் பார்த்தார். “சரி சார். எங்க அத்தா இத்த அப்பால யாருக்கும் வாடகைக்கு வுடல. பரண்ல ஏத்துனாரு, அவ்ளோதான். நானு சொல்லிட்டேன்.”

கெட்டுப்போன கண்டென்சரால் உச்ச சுரத்துக்கு அடியில் இன்னொரு சுரம் ஒட்டிக்கொண்டு வரும் என்பது எந்த மைக் செட்காரருக்கும் தெரிந்த பழுது. ஜெயந்துக்கும் தெரியும். மற்றவர்கள் பழுதை நீக்குவார்கள், இவனைப் போன்றவர்கள் அதற்குப் படையல் வைப்பார்கள்.

உளிச் சத்தம் நின்ற அந்த மத்தியானம், பட்டறைப் பக்கத்து ஜன்னலை முதல் தடவையாகத் திறந்து வைத்து வாசித்ததைப் போனில் பதிந்திருந்தான். போட்டுக் கேட்டான். இத்தனை நாள் மந்தமாக இருந்த அடிச்சுரத்தின் தொடக்கத்தில் ஒரு சின்னக் கூர்மை வந்திருந்தது. இரும்பு கல்லைத் தொடுகிற அந்தக் ‘கிண்’. ஊரப்பாக்கத்தில் இருக்கும் ஹர்ஷவர்தனுக்கு அனுப்பினான். இசைத்தட்டை அவனளவுக்குக் கேட்டிருக்கும் இன்னொரு ஆள், அதனாலேயே அவனுக்குப் பிடிக்காத ஆள். “கிட்ட வந்துட்ட. ஆனா அடியில ஈரம் பத்தல” என்று பதில் வந்தது. அந்த மடையன் சொன்னது உண்மை என்பதுதான் ஜெயந்தை இரவெல்லாம் அரித்தது.

ஞாயிறு காலையில் கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்து வாசித்தான். ஒன்பதாவது வினாடியில் அடிச்சுரம் நிறைந்து, தளும்பி, உப்புக்காற்று பட்ட தோலைப் போலப் பிசுபிசுத்தது. உடம்பு சிலிர்த்தது. விரலை எடுத்தபோது ஏதோ குறைந்தது. மூன்று தெரு தள்ளி அலைகள் எழுந்து உடைந்து வெள்ளையாகச் சிதறுவது தெரிந்தது. ஒன்றும் கேட்கவில்லை. காக்கைகள்கூடக் கரையோரம் இறங்காமல் வட்டமிட்டுக்கொண்டிருந்தன.

கோதை கையில் கரண்டியோடு மாடிக்கு வந்தாள். “கடலுக்கு என்ன ஆச்சு? காது அடைச்ச மாதிரி இருக்கு எனக்கு.”

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. போனது அவன் காது அல்ல. சத்தமே வெளியில் இல்லை. எல்லோருக்கும் இல்லை.

பத்து மணிக்கு வரதன் வந்தான். வாசலிலேயே குந்தி, ஒரு கல் துண்டைத் தரையில் வைத்து, ஜெயந்தின் முகத்தைப் பார்த்தபடி உளியால் ஓங்கி அடித்தான். கல் தெறித்தது. சத்தமில்லை.

“நேத்து நீங்க அந்தப் பொட்டிய வெச்சிகினு இழுத்தப்போ போச்சு. எங்க ஆளுங்க மூணு பேருக்கும் இதே கதிதான். இன்னா சார் பண்ணீங்க?”

“சத்தம் இல்லன்னா நிம்மதிதானே?”

“நிம்மதியா? தட்டிப் பாத்து, கல்லு குடுக்கற சத்தத்த வெச்சிதான் உள்ள விரிசல் ஓட்டம் கீதா இல்லியான்னு தெரியும். ஒண்ணும் தெரியாம அடிச்சேன். எட்டு மாசமா செஞ்ச அம்மன், இடுப்போட ரெண்டா போயிடுச்சு.” அவன் அழப்போகிறான் என்று ஜெயந்துக்குச் சங்கடமாக இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டான்.

நூர்முகமதுவுக்குப் போன் போட்டான். நடந்ததைச் சொன்னான்.

“நாளைக்கு நானே வந்து கண்டென்சர மாத்திர்றேன். அதுவரிக்கும் பிளக்க சொருகாதீங்க. போனது வராது சார். அந்தப் பாட்டு பாடுன அம்மா கீறாங்களே, அன்னிக்கு ரெக்கார்டு போட்டு முடிச்சதுலேந்து ஒரு பேச்சு பேசல, சாவற வரிக்கும். அத்தா சொல்லிகினே இருப்பாரு. சுரம் நிக்கற நேரத்துல எது காதுல வுழுதோ அத்த இஸ்துக்கும். கொழந்த கீது இல்ல வூட்ல?”

“இருக்கா.”

“புள்ளய வெச்சிகினு போடாதீங்க. கெஞ்சிக் கேக்கறேன்.”

இசைத்தட்டின் உறையைக் கையில் எடுத்துப் பார்த்தான். மறுபக்கம், இரண்டு பாட்டு, குரல் இல்லை. முதிர்ச்சி. உறையைக் குப்புறக் கவிழ்த்து வைத்தான். கோதையிடம் காரணம் எதுவும் சொல்லாமல், ஹம்சினியை அழைத்துக்கொண்டு ஊரப்பாக்கத்தில் அவள் அக்கா வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வரச் சொன்னான். ஹம்சினி பஸ்ஸுக்குப் போகும்வரை பேசிக்கொண்டே போனாள். மகள் விஷயத்தில் அவன் அயோக்கியன் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான், அந்த நிமிஷத்தில் அது நிஜமும்கூட.

காலையில் அனுப்பியிருந்த பதிவுக்கு மூன்று மணிக்குப் பதில் வந்தது. “எல்லாம் இருக்கு. மூச்சு மட்டும் இல்ல. ரெக்கார்டுல அடியில ஒரு ஆள் இருக்கற மாதிரி இருக்கும். விடு, அது யாருக்கும் வராது” என்று ஹர்ஷவர்தன் எழுதியிருந்தான்.

யாருக்கும் வராதாம். ஜெயந்த் அறையில் மேலும் கீழும் நடந்தான். நாளைக்கு மைக் செட்காரர் வந்து பழுதை நீக்கிவிடுவார். அதற்குப் பிறகு இதுவும் கல்யாணத்துக்குக் கட்டுகிற ஆம்ப்தான். தானே வாயைத் திறந்து ஒரு சுரம் பாடினால் என்ன என்று தோன்றியது. திறந்தும் பார்த்தான். மறுநாள் ஆபீஸில் மீட்டிங் இருந்தது, மூடிக்கொண்டான்.

பிறகு தெருப்பக்கத்து ஜன்னலைத் திறந்தான்.

தினமும் நாலு மணிக்குக் காசியம்மாள் மாங்காய்க் கூடையோடு கடற்கரைக்குப் போவாள். கட்டைத் தொண்டை, தெரு முழுக்கக் கேட்கும். அவளுக்குக் குரல் இல்லாவிட்டாலும் மாங்காய் மாங்காய்தான், யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தான். அப்படி நினைத்ததில் அவனுக்கு ஒரு கூச்சமும் இல்லை.

பிளக்கைச் சொருகினான். வால்வுகள் மெல்லச் சிவந்தன. தூசி கருகும் வாசனையும் பழைய மெழுகு இளகும் வாசனையும் எழுந்து, புழுங்கிய அறையில் நின்றன. கடல் இல்லாத ஊர் எவ்வளவு பெரிய பொட்டல் என்று அவனுக்கு முதல் தடவையாகப் பயமாக இருந்தது. ஆம்ப்பின் ரீங்காரம் தரை வழியாக முழங்காலுக்கு ஏறியது. அந்த ரீங்காரத்துக்குள், அமுக்கி வைத்த ஒரு ‘கிண்’. அமுக்கி வைத்த ஓர் அலை. இன்னும் அடியில், மிக மெல்லிசாக, ஒரு பெண் மூச்சு இழுத்து, விடாமல் வைத்திருந்தாள்.

தெருக்கோடியில் குரல் எழுந்தது. “மாங்கா... வெள்ளரிக்கா...”

உச்சத்தில் விரலை வைத்து இழுத்தான். சுரம் நின்றது.

ஒன்று. இரண்டு.

மின்விசிறி சுழன்றது. சத்தம் போயிருந்தது.

மூன்று. காசியம்மாள் இன்னும் திருப்பத்தில்தான். வா. வந்து தொலை.

நான்கு. வாசலில் ஆட்டோ நின்றது. கீழே கதவு திறந்தது. கோதையும் ஹம்சினியும்தான். வழியெல்லாம் வாந்தி, செங்கல்பட்டு தாண்டாமலே திரும்பியிருந்தார்கள்.

ஐந்து. படிகளில் சின்னக் கால்கள். தடதடவென்று. பாதிப் படியில் அந்தத் தடதடப்பு அறுந்தது. கால்கள் நிற்கவில்லை என்று அவனுக்குத் தெரியும்.

ஆறு. கதவு திறந்தது. வெளுத்த முகம். ஈரமான கவுன்.

விரலைத் தூக்கினால் போதும். கம்பியை விட்டு அரை அங்குலம். சுரம் செத்துவிடும். அவனுக்கு அது தெரியும். அவன் உடம்பு முழுவதற்கும் தெரியும்.

ஏழு. “அப்பா” என்றாள் ஹம்சினி.

அடிச்சுரத்தில் மூச்சு வந்தது.

எட்டு. அதுதான். அதேதான். பதினைந்து வருடம். கண்ணில் நீர் முட்டியது.

ஒன்பது. அவள் வாய் அசைந்தது.

பத்து.

பதினொன்று.

விரலை எடுத்தான். கிட்டாரைத் தரையில் வைத்தான். கம்பிகள் அசையவில்லை. பெட்டி நிற்கவில்லை. “அப்பா, அப்பா” என்று இனிமையாக, சுருதி பிசகாமல், கல்லும் கடலும் சேர்ந்து அது வாசித்துக்கொண்டே இருந்தது. பிளக்கைப் பிடுங்கினான். அப்போதும் வாசித்தது. கோதை படியேறிக்கொண்டே, “ஹம்சி, மெதுவா ஏ—” என்றாள். அவ்வளவுதான் கேட்டது. பெட்டியில் இரண்டாவது குரல் ஏறியது.

ஹம்சினி அவனைப் பார்க்கவில்லை. பெட்டியின் முன்னால் மண்டியிட்டு, பழுப்புத் துணியில் வாயை அழுத்தி வைத்து, கழுத்து நரம்பு புடைக்க, உள்ளே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். துணி உள்ளிருந்து அவள் உதட்டின் மேல் அதிர்ந்துகொண்டிருந்தது.