தையல் பிரித்த சட்டை

நோய் பரவுகிறது என்று கடையைச் சாத்தச் சொல்லி முப்பத்தொன்பது நாள் ஆயிற்று. ஷட்டருக்குப் பின்னால் நானும் என் தையல் மிஷினும்தான். கடைசியாக நான் வாயைத் திறந்தது பால்காரனிடம்; அதுவும் பால் திரிந்துவிட்டது என்று திட்ட. இப்போது அவனும் வருவதில்லை.

அன்று மதியம் இரண்டு மணி. பின் ஜன்னலில் ஒரு பை வந்து மோதியது. மேல்மாடியிலிருந்து கயிறு கட்டி இறக்கியிருந்தது.

"டெய்லர் தாத்தா! யூனிபார்ம் சட்டை கிழிஞ்சிடுச்சு. தச்சுக் குடுங்க!"

மாடி நர்சம்மாவின் மகள். ஒரு இடத்தில் நிற்க மாட்டாள். நான் வைத்த பெயர் பம்பரம்.

"பள்ளிக்கூடமே பூட்டிக் கிடக்கு. சட்டைக்கு என்ன அவசரம்?"

சட்டையைப் புரட்டினேன். தானாகக் கிழிந்த துணி பிசிறு பிசிறாக நிற்கும். இதில் துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு கையின் தையலை மட்டும் பிளேடால் அறுத்திருந்தது.

"ஏய் பம்பரம்! இது கிழிஞ்சதில்ல, நீ பிரிச்சது. யார்கிட்ட உன் வேலையைக் காட்டுற?"

மேலே குழந்தை வீல் என்று அழுதது. அவள் தலை ஜன்னலில் எட்டிப் பார்த்தது.

"தம்பி தூங்கவே மாட்டேங்குறான் தாத்தா. முன்னாடி உங்க மிஷின் சத்தத்துல தூங்கிடுவான். இப்ப அம்மா ரூம் கதவைத் தட்டித் தட்டி அழறான். அம்மா ராத்திரி பூரா ஆஸ்பத்திரியில நின்னுட்டு வராங்க. எங்களைத் தொடவும் கூடாதாம். கதவுக்கு அந்தப் பக்கம் அவங்களும் அழறாங்க."

"இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"சும்மா மிஷினை ஓட்டுங்கன்னா திட்டுவீங்க."

திட்டியிருப்பேன்தான்.

உட்கார்ந்தேன். மூன்றே நிமிடத்தில் சட்டை முடிந்தது. அழுகை நிற்கவில்லை. துணி இல்லாமல் ஓட்டினால், துணியை நகர்த்தும் மிஷின் பல் தேய்ந்துவிடும். வெட்டுத்துணி மூட்டையை அவிழ்த்தேன். ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துத் தைத்துக்கொண்டே போனேன். கடகட, கடகட. சிவப்பு, பச்சை, கோடு போட்டது. எதற்கும் உதவாத நீளத் துணி ஒன்று காலடியில் குவிந்தது.

அழுகை விம்மலாகி, விம்மல் அடங்கியது. நிறுத்தப் பயமாக இருந்தது. கால் கடுக்க மிதித்தேன்.

பை மறுபடி இறங்கியது. உள்ளே ஒரு சீட்டு.

'தூங்கிட்டான். அம்மாவும். நாளைக்கு இன்னொரு கையைப் பிரிச்சு அனுப்புறேன்.'

குழந்தை தூங்குகிறது, கத்தித் திட்டவும் வழியில்லை. கோணல் எழுத்தில் பின்பக்கம் எழுதினேன்: 'பிளேடைத் தொட்டால் தெரியும் சேதி. இங்கே வெட்டுத்துணி ஒரு மூட்டை இருக்கு.' சட்டையோடு அதையும் பையில் போட்டு, மேலே தூக்கச் சொல்லிக் கயிற்றைச் சுண்டினேன்.

நாற்பதாவது நாளும் ஷட்டர் திறக்கவில்லை. ஆனால் மதியம் இரண்டு மணிக்கு எனக்கு வேலை இருந்தது.