பூட்டிய வீட்டுக்குச் சாம்பல் நிறம்

வெயில் சாயும் நேரத்தில் அந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்தாள் ஆராய்ச்சி மாணவி. நகரத்தின் நடுவில் உள்ள ஏழைத் தெரு எப்படிப் பணக்காரத் தெருவாகிறது என்பதுதான் ஆய்வு. போன வருடம் வீடு வீடாகப் பார்த்து வரைபடத்தில் வண்ணம் தீட்டியிருந்தாள். ஆள் இருக்கும் வீட்டுக்கு மஞ்சள், காலி வீட்டுக்குச் சாம்பல். இந்த வருடமும் அதைச் செய்து மாற்றத்தைக் காட்டிவிட்டால் பட்டம் கைக்கு வந்துவிடும்.

மாற்றத்துக்கு என்ன குறைச்சல்? மூலை வீடு காபிக்கடையாகியிருந்தது. சுவர்ப் பூச்சைச் சுரண்டிச் செங்கல்லைக் காட்டியிருந்தார்கள். ஏழை குடியிருந்த காலத்தில் சுவர் அப்படி இருந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர்கள், இப்போது அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

உள்ளே போய் அவள் உட்கார்ந்த இடத்து மேசை, பழைய கதவொன்றைப் படுக்கவைத்துச் செய்தது. பலகை முழுக்கக் கீறல்கள்.

"இந்த வீட்டுக் கதவுதான் மேடம்," என்றார் கடைக்காரர். "உள்பக்கத்தை மேல வச்சிருக்கோம். அந்தக் கோடுங்கதான் அழகே."

"இங்க யாரு இருந்தாங்க?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு தையல்காரர். காலி பண்ண மாட்டேன்னு பிடிவாதம். மிரட்டறதுக்காக வீட்டுக்காரர் வெளிய பூட்டிட்டுப் போயிட்டாரு. உள்ள காய்ச்சல்ல கிடந்த மனுஷன்... விடுங்க. சர்க்கரை போடலாமா?"

போன வருடம் எதிர்ப்பக்க நிழலில் நின்றபடியே அவள் அந்தப் பூட்டைப் பார்த்திருந்தாள். தெருவைக் கடந்து கதவைத் தட்டச் சோம்பல். சாம்பல் தீட்டிவிட்டு நகர்ந்துவிட்டாள்.

மேசைக்கு அடியில் யாரோ தட்டினார்கள்.

மெதுவாக.

கடைக்காரர் காபியைக் கலக்கிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கவில்லை.

விழுந்தடித்து வெளியே வந்தாள். அடுத்த வீட்டிலும் பூட்டு தொங்கியது. கதவிடுக்கில் தையல் எந்திர எண்ணெய் வாடை. உள்ளிருந்து அதே தட்டல்.

கைபேசி அடித்தது. வழிகாட்டிப் பேராசிரியர்.

"சார், இங்க ஒரு வீடு பூட்டியிருக்கு. ஆனா உள்ள..."

"பூட்டியிருந்தா காலின்னு போடும்மா. ஊரைத் திருத்தவா போனே? நாளைக்கு வரைபடம் என் மேசையில இருக்கணும்."

அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டிருக்கலாம். பூட்டை உடைக்கச் சொல்லியிருக்கலாம். கூப்பிட்டால் விசாரணை வரும், போன வருடத்துக் கதையும் சேர்ந்து வரும், பட்டம் போய்விடும்.

சாம்பல் பென்சிலை எடுத்தாள்.

தட்டல் நின்றது.

அறைக்குத் திரும்பியவள் முகம் கழுவினாள். அப்பாடா என்று படுக்கப் போனபோது அந்த எண்ணெய் வாடை மறுபடி வந்தது. கதவைத் திறக்கப் போனாள். அசையவில்லை. வெளியே பூட்டு விழும் சத்தம் கேட்டது.

"யாருங்க? நான் உள்ள இருக்கேன்!"

கத்தினாள். அடித்தாள். நகம் பெயரும்வரை பலகையைப் பிறாண்டினாள்.

வெளியே, தாளில் பென்சில் உரசியது.

"பூட்டியிருக்கு," என்றது ஒரு குரல். "காலின்னு போட்டுக்கலாம்."

அது அவளுடைய குரல்.