கழுத்தில் வைத்த விரல்

கண்ணாடி உடைந்த சத்தத்துக்குப் பிறகு மதலைமுத்து திட்டவில்லை.

எது கைதவறி விழுந்தாலும் வீடே அதிரக் கத்துகிற மனுஷன். பிரேசர் டவுன் வட்டாரம் முழுக்கக் கரண்ட் போயிருந்தது. சாயங்கால மழை ஓட்டுக்கூரையில் கொட்டிக்கொண்டிருக்க, ஈரச் சுவரின் பாசி வாடைக்கு நடுவே துருப்பிடித்த இரும்பு போல இன்னொரு வாடை கூடத்திலிருந்து சமையலறைக்கு வந்தபோது, அவன் மனைவி பிரிஜெட் மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள். நர்ஸான அவளுக்கு அந்த வாடை தெரியும்.

ஜன்னலைச் சாத்த ஸ்டூலில் ஏறியவன் கண்ணாடியோடு விழுந்திருந்தான். தொடையிலிருந்து ரத்தம் விட்டுவிட்டுப் பீய்ச்சியது. துண்டைச் சுருட்டிக் காயத்தில் வைத்து, உடம்பின் பாரத்தையெல்லாம் ஒரு கையில் இறக்கி அழுத்தினாள்.

"மௌரீன்! ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணு!"

பக்கத்து வீட்டு மௌரீன் வாசலில் வந்து அலறினாள். "போன் டெட்டுக்கா! ரோட்டுக்கு ஓடி ஆட்டோ புடிச்சிட்டு வரேன்!"

செருப்புச் சத்தம் மழையில் கரைந்தது.

"குளிருது பிரிஜி... மூச்சு முட்டுது."

"பேசாதீங்க. என்னையே பாருங்க."

அவன் நெற்றியில் வியர்வை ஜில்லென்று முத்து முத்தாக நின்றது. உடம்பு கையையும் காலையும் கைவிடத் தொடங்கிவிட்டது. தோலுக்குப் போகும் குழாய்களையெல்லாம் இறுக்கி மூடி, மிச்ச ரத்தத்தை மூளைக்கும் இருதயத்துக்கும் திருப்புகிறது. இருதயம் தறிகெட்டு ஓடும். ஓடுகிற வரை உயிர். அவன் நகத்தை அழுத்திவிட்டு விரலை எடுத்தாள். வெளுத்தது வெளுத்தபடியே இருந்தது.

"விளக்கை ஏன் அணைச்சே?" என்றான். எதிரே மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது.

பிறகு அவன் பேசவில்லை.

துண்டுக்கடியில் ரத்தம் நின்றது.

"நின்னுடுச்சுங்க! மாதாவே, நின்னுடுச்சு!"

அரையிருட்டில் தடவி அவன் கழுத்தில் கட்டைவிரலை வைத்தாள். துடிப்பு இருந்தது. வேகமாக, பலமாக. அழுதுகொண்டே அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் கழுத்து ஆறியது. தாடை தளர்ந்து தொங்கியது. துடிப்பு மட்டும் குறையவே இல்லை.

குறையவே இல்லை.

அப்போதுதான் உறைத்தது. கட்டைவிரலில் நாடி பார்க்கக் கூடாது. அதில் தெரிவது பார்ப்பவருடைய துடிப்பு.

விரலை மாற்றினாள். இரண்டு விரல். அழுத்தி.

ஒன்றுமில்லை.

இன்னும் அழுத்தி.

ஒன்றுமே இல்லை. பீய்ச்ச உள்ளே எதுவும் மிச்சமில்லாததால்தான் ரத்தம் நின்றிருக்கிறது.

வெளியே ஆட்டோ வந்து நின்றது. "அக்கா!" என்றாள் மௌரீன்.

பிரிஜெட் எழப் பார்த்தாள். முடியவில்லை.

வெளுத்த நகங்களோடு ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. பனிக்கட்டி போல. இறுக்கமாக. இன்னும் இறுக்கமாக.