பின் சென்சார்

எஞ்சினைக் கிளப்பாமலே அந்த எரர் திரும்பி வந்தது. சடகோபனுக்கு முதலில் உறுத்தியது அதுதான். பி-0420 என்று ஸ்கேனர் காட்டியது. மூன்று தடவை அழித்தான், மூன்று தடவையும் வந்தது. புகையைச் சுத்தம் செய்கிற கன்வர்ட்டர் செத்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். அதைச் சொல்வதற்கு வண்டி ஓடியிருக்க வேண்டும், புகை போயிருக்க வேண்டும், பின் சென்சார் அதை முகர்ந்து பார்த்திருக்க வேண்டும். இந்த வண்டியோ சாவி மட்டும் திருப்பியபடி சும்மா நின்றுகொண்டிருந்தது.

காலையில் பிரபாகர் கொண்டுவந்து விட்டுப் போன வண்டி. சித்தூரில் பழைய கார் வாங்கி விற்கிறவன், கால் தரையில் பாவாத ஆள். "ஏலத்துல எடுத்தேன் அண்ணா. பெயிண்ட்டு அடிச்சாச்சு, சீட்டு மாத்தியாச்சு, இந்த மஞ்ச லைட்டு மட்டும் எரிஞ்சிக்கினே கீது. சாயந்திரம் பார்ட்டி வர்றாங்க, முடிச்சி வச்சிடு, சரேனா?" என்று சொல்லிவிட்டு, யாருடைய வண்டி என்று கேட்பதற்குள் போய்விட்டான்.

புத்தூரில் நகரி ரோட்டோரம் சடகோபனின் ஷெட். அக்னி நட்சத்திரத்து மத்தியானம், தகரக்கூரை வெயிலில் டிக் டிக்கென்று விரிந்துகொண்டிருந்தது. கரண்ட் வேறு போயிருந்தது. அனல்காற்றில் புழுதி வந்து அப்புகிறதே என்று ஷட்டரைப் பாதிக்கு இறக்கி வைத்திருந்தான். சாப்பாடு எடுத்துக்கொண்டு மனைவி தேவசேனா வருவாள். ஒன்பது வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கி இப்போதுதான் ஆறு மாதம். இந்த வெயிலில் வராதே என்று தலைபாடாக அடித்துக்கொண்டாலும் கேட்கிறவளில்லை.

ஸ்கேனரில் சென்சார்களின் கோடுகளைப் போட்டுப் பார்த்தான். முன் சென்சாரின் கோடு செத்த பாம்பாய் நேராகக் கிடந்தது. எஞ்சின் ஓடாதபோது அப்படித்தான் கிடக்க வேண்டும். பின் சென்சாரின் கோடு அப்படிக் கிடக்கவில்லை. மெல்ல மேலே ஏறியது, ஒரு கணம் நின்றது, மெல்ல இறங்கியது, கொஞ்சம் ஓய்ந்திருந்துவிட்டு மறுபடி ஏறியது. தூங்குகிறவர்களின் நெஞ்சு இப்படித்தான் ஏறி இறங்கும் என்று தோன்றியதும் அவன் பார்வையை விலக்கிக்கொண்டான்.

"ஒயரு லூசு," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டான்.

அட்டையை விரித்துப் படுத்து வண்டிக்கு அடியில் நகர்ந்தான். வெளியே அனல், இங்கே முதுகு சில்லிட்டது. கருகிய பெட்ரோல் வாடையோடு இன்னொரு வாசமும் வந்தது. சந்தனம். ஈரச் சந்தனம், மொட்டை அடித்த தலையில் குழைத்துப் பூசுவார்களே, அந்த வாசம். டார்ச்சை அடித்தான். கன்வர்ட்டரின் வயிற்றில் கோணல்மாணலாக ஒரு வெல்டிங் தழும்பு, அதன் ஓரத்தில் மயிரிழை விரிசல். பின் சென்சாருக்கு அடியில் ஒரு பித்தளை ஸ்பேசர். தன் கையெழுத்தைத் தனக்குத் தெரியாதா?

போன வருஷம் நகரியிலிருந்து துலுக்காணம் என்ற தறிக்காரன் இந்த வண்டியைக் கொண்டுவந்தான். அப்போது இது வெள்ளை. "அண்ணா, பாப்பாவுக்கு மொட்டை அடிக்க மலைக்குப் போறோம். வேண்டுதலுக்குக் கெளம்பசொல்ல லைட்டு எரிஞ்சிக்கினு இருந்தா சகுனம் செரியில்லன்னு ஊட்ல சொல்றா. அத்த மட்டும் அணைச்சிக் குடு." சடகோபனும் அணைத்துக் கொடுத்தான். கன்வர்ட்டரின் வயிற்றை அறுத்து, உள்ளே புகையை வடிகட்டத் தேன்கூடு மாதிரி அடைத்திருந்ததை நோண்டி எறிந்து, மூடி வெல்ட் வைத்தான். பின் சென்சார் கண்டுபிடித்துக் காட்டிக்கொடுக்காமலிருக்க ஸ்பேசர் போட்டு அதன் மூக்கைப் புகைக்கு எட்டாமல் தூக்கிவிட்டான். லைட் அணைந்தது. சகுனமும் நல்லதாயிற்று.

திரும்பி வரும்போது ரேணிகுண்டா தாண்டி, வெயில் தாளாமல் ஏசியைப் போட்டுக்கொண்டு புளியமரத்தடியில் கண்ணயர்ந்தார்கள். புருஷன், பெண்டாட்டி, மொட்டைத் தலையோடு மூன்று வயசுப் பாப்பா. வெல்ட் விரிசலில் கசிந்த புகை பின் சீட்டுக்கு அடியில் ஏறியது. மூன்று பேரும் எழுந்திருக்கவில்லை. ஏசி கேஸ்தான் காரணம் என்று ஊர் பேசியது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சடகோபன் வாயைத் திறக்கவே இல்லை. பாவி.

தலைக்கு மேலே சீட்டு ஸ்பிரிங் கிறீச்சிட்டது. யாரோ புரண்டு படுக்கிற சத்தம்.

தவழ்ந்து வெளியே வந்தான். ஸ்கேனரில் மூன்றாவதாக ஒரு கோடு ஓடிக்கொண்டிருந்தது. நான்காவதும் இருந்தது. இந்த வண்டிக்கு இருப்பதே இரண்டு சென்சார்தான். நான்காவது கோடு சின்னதாய், வேகவேகமாய் ஏறி இறங்கியது. குழந்தை மூச்சு.

"ஏங்க..."

தேவசேனாவின் குரல் வண்டிக்குள்ளிருந்து வந்தது. டிபன் கேரியர் பானெட் மேல் இருந்தது.

"உள்ள என்னா ஜில்லுன்னு கீது! நீங்க வெளிய வெந்துகினு கீறீங்களே. சித்த நேரம் சாஞ்சிக்கிறேன், காலு கடுக்குது."

"தேவி! எறங்கு! எறங்குடி!"

நான்கு கதவும் ஒரே சமயத்தில் பூட்டிக்கொண்டன.

கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. கண்ணாடி உள்பக்கம் வேர்த்து வெளுத்திருந்தது. பெரிய ஸ்பேனரால் ஓங்கி அடித்தான். கீறல்கூட விழவில்லை. ஸ்கேனரில் ஐந்தாவது கோடு. ஏறியது. இறங்கியது. ஏற நேரம் எடுத்துக்கொண்டது.

டிபன் கேரியர் உருண்டு விழ, பானெட்டைக் கம்பியால் நெம்பித் திறந்து பேட்டரி ஒயரைப் பிடுங்கினான். ஸ்கேனர் அணைய வேண்டும். அணையவில்லை.

"நான்தான் பண்ணேன்! என்ன எடுத்துக்கோ துலுக்காணம், அவள வுட்டுடு!"

சந்தன வாசம் மட்டும் கூடியது.

ஐந்தாவது கோடு ஒருமுறை ஏறியது. இறங்கியது. அப்படியே கிடந்தது.

அதற்கும் கீழே, ஆறாவதாக ஒன்று. நூலிழை. படபடவென்று.

கண்ணாடியின் வேர்வையை உள்ளிருந்து ஒரு சின்னக் கை துடைத்தது. அந்த வட்டத்துக்குள் தேவசேனா தெரிந்தாள். தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து. இரண்டு பக்கமும் இரண்டு பேர். அவள் மடியில் சந்தனம் பூசிய மொட்டைத் தலை ஒன்று வயிற்றில் காதை வைத்து, கண்ணை இமைக்காமல் சடகோபனையே பார்த்துக்கொண்டு, உள்ளே துடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தது.

டேஷ்போர்டில் மஞ்சள் லைட் அணைந்தது.