சனிக்கிழமைக் கையெழுத்து

"எங்கப்பா அப்படியெல்லாம் எழுதிக் குடுக்குற ஆளே இல்லைங்கய்யா!" லோசலீன் மூக்கைச் சிந்தினாள். அவளோடு வந்திருந்த சித்தப்பா ஃபினாவ், பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்துப் பாயில் வைத்தார்.

டோங்காவின் தலைநகர் நுக்குவலோஃபாவில் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் லொபேத்தியைத் தேடி அழுதுகொண்டு வருபவர்களுக்குக் குறைவில்லை. லோசலீன் கதை இதுதான். கட்டினவன் ஆக்லாந்தில் வேறொருத்தியோடு குடித்தனம் போட்டுவிட்டான். அவள் அப்பா வீட்டோடு இருந்தாள். போன மாதம் அப்பாவும் செத்துப்போனார். அவர் ஒரு சனிக்கிழமை நிலத்தைத் தனக்கு ஐம்பது வருஷக் குத்தகைக்குக் கொடுத்ததாக ஓட்டல்காரன் கெலெபி ஒப்பந்தத்தையும் அன்று எடுத்த படத்தையும் நீட்டுகிறான்.

படத்தில் கிழவர் மரத்தடியில் சாய்ந்தபடி கையெழுத்துப் போடுகிறார். நல்ல வெயில். பின்னால் வீடுகள், புகை, வெறும் துணிக்கொடிகள்.

"கையெழுத்து அவரோடதுதான் அத்தான். கேஸ் முடிஞ்சுது," என்றான் லொபேத்தியின் மச்சினன் தனியேலா. அவசரக்குடுக்கை.

லொபேத்தி மறுநாள் கெலெபியையும் வரவழைத்து எல்லாரையும் உட்காரவைத்தார்.

"கெலெபி, சனிக்கிழமை உங்க தெருவுல என்ன வேலை நடக்கும்?"

"துவைக்கிறதுதான். ஞாயித்துக்கிழமை துணி காயப்போட்டா போதகர் சும்மா விடுவாரா?"

"அப்ப இந்தப் படத்துல ஒரு கொடியிலகூட துணி இல்லையே, ஏன்? வெயில் சுள்ளுன்னு அடிக்குது. எல்லாக் கொல்லையிலயும் குழியடுப்புப் புகை வேற. ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போறதுக்கு முன்னாடி தெருவே சேர்ந்து மூட்டுற அடுப்புடா இது!"

ஞாயிற்றுக்கிழமை செய்த ஒப்பந்தம் செல்லாது. 1875இல் அரசியல் சட்டத்தில் எழுதியது. டோங்காவில் அரசர்கள் எத்தனையோ பேர் மாறினார்கள், அது மாறவில்லை.

கெலெபி தலையைத் தொங்கப்போட்டான். "மனுஷன் இழுத்துக்கிட்டுக் கெடந்தாரு. திங்கக்கிழமை வரைக்கும் தாங்கமாட்டேன்னு அவருதான் அவசரப்படுத்தினாரு. குத்தகை இருக்குறவரை லோசலீனை வீட்டைவிட்டு யாரும் கெளப்பக்கூடாதுன்னும் எழுதச் சொன்னாரு. நான் அதைப் படிச்சுக் காட்டப் போனா, புளுகுறேன்னு இவ கத்துனா."

லொபேத்தி படத்தைக் கீழே வைத்தார். குத்தகை போனால் நிலம் யாருக்கு? மகன் இல்லை. கல்யாணமான மகளுக்கு வராது. நிலச் சட்டப்படி செத்தவரின் தம்பிக்குப் போகும்.

"கெலெபி பேச்சை நம்பாதேன்னு சொன்னது யாரும்மா?"

"சித்தப்பாதான்..." சொல்லும்போதே அவள் முகம் செத்தது. "உங்ககிட்ட கூட்டிட்டு வந்ததும் அவருதான்."

ஃபினாவ் நிதானமாக எழுந்தார். "சட்டத்தை நானா எழுதினேன்? மாசக் கடைசி வரைக்கும் இருந்துட்டுப் போ புள்ள."

துப்பறிந்ததற்காக லொபேத்தி தன்னையே வெறுத்தார்.

"கட்டிக்குடுத்த பொண்ணுக்கு நிலம் இல்லைங்குற இந்தச் சட்டத்தை மாத்தவே முடியாதாய்யா?" என்று கேட்டாள் லோசலீன்.

"மாத்தலாம்மா. சட்டசபையில உங்க சித்தப்பா மாதிரி ஆளுங்க கை தூக்கணும்."

தனியேலா தலையைக் குனிந்துகொண்டான். ஃபினாவ் மட்டும் சிரித்தார்.