மேற்குப் பக்கத்தில் ஒரு கொடி குறைகிறது

எத்தனை முறை எண்ணினாலும் மேற்குப் பக்கத்தில் ஒரு கொடி குறைந்தது.

குருநகர்க் கோயில் வளவின் மணலில் கிழக்கே மூன்று கொடிகள், தெற்கே மூன்று, வடக்கே மூன்று. மேற்கே மட்டும் இரண்டு. நடுவில் பழைய வள்ளப் பாயால் கட்டிய கூடாரம். அதற்குள் லேவியின் கொடியைப் பிடித்தபடி யாகோப்பு சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தான்.

"நீ வெளியிலை வந்து மேற்கிலை நில். கணக்குச் சரிவரும்," என்றான் பேதுரு.

"வரமாட்டன். லேவிக்கு இடம் நடுவிலை எண்டு சிஸ்டர் சொன்னவ. இஞ்சை நிழலும் இருக்கு."

"பன்னிரண்டு கோத்திரத்தின்ரை தகப்பன்ரை பேரை வைச்சுக்கொண்டு பிள்ளையளை எண்ணத் தெரியேல்லை இவனுக்கு," என்றான் பேதுரு.

எல்லாரும் சிரித்தார்கள். பூவரசு மரத்தடியில் தனியே இருந்த யசிந்தாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் சிரித்ததை யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் கோயில் திருநாள். இஸ்ராயேல் மக்கள் பாலைவனத்தில் எப்படித் தங்கினார்கள் என்று ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகள் செய்து காட்ட வேண்டும். அந்த மக்கள் கண்ட இடத்தில் கூடாரம் அடிக்கவில்லை. நடுவில் ஆண்டவரின் கூடாரம். அதைச் சுற்றி நாலு பக்கமும், பக்கத்துக்கு மூன்று கோத்திரங்கள். வேதாகமத்து யாகோப்புக்கு லேவி, யோசேப்பு என்று ஆண்பிள்ளைகள் பன்னிரண்டு பேர்; அவர்கள் வழி வந்தவைதான் கோத்திரங்கள். வகுப்பிலும் பன்னிரண்டு பிள்ளைகள். ஆளுக்கொரு கொடி என்று கோதுமை மாச்சாக்குத் துணியில் தைத்தாயிற்று.

யசிந்தா பதின்மூன்றாவது.

பத்து நாட்களுக்கு முன்னர்தான் அவள் மயிலிட்டியிலிருந்து வந்திருந்தாள். அம்மா பெரியாஸ்பத்திரியில். அப்பா முல்லைத்தீவில், மீன்பிடி வாடியில். அவள் மார்கிரட் சின்னம்மா வீட்டில். அவள் வருவதற்கு முன்னரே கொடிகள் தைத்து முடிந்திருந்தன. "நீ வேதாகமத்தை வைச்சிரு பிள்ளை," என்று தடித்த புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு, சிஸ்டர் மெழுகுதிரி எடுக்க மடத்துக்குப் போய்விட்டார்.

மயிலிட்டியில் என்றால் இந்நேரம் பத்துப் பேராவது அவள் பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள். இங்கே அவளுக்குப் பெயர் 'மயிலிட்டிப் பிள்ளை'.

வேறு வேலை இல்லாததால் அவள் புத்தகத்தைத் திறந்தாள். அடையாளத்துக்குச் சிஸ்டர் ஒரு பூவரசம் இலையை வைத்திருந்தார். எண்ணாகமம், முதல் அதிகாரம். இஸ்ராயேலரின் தலைவர் மோயீசன் மக்களை எண்ணிய கதை. இருபது வயதுக்கு மேற்பட்ட, போருக்குப் போகக்கூடிய ஆண்களை வீடு வீடாக, பெயர் பெயராக எண்ணினார்கள். லேவியின் கோத்திரத்தை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. கூடாரத்தைக் கழற்றுவதும் சுமப்பதும் மறுபடி கட்டுவதும் அவர்களுடைய வேலை.

யசிந்தா ஒவ்வொரு கோத்திரத்துக்கும் ஒரு சிப்பியை மணலில் வைத்தாள். பன்னிரண்டு சிப்பிகள்.

லேவியை விட்ட பிறகும் பன்னிரண்டா? பதினொன்றல்லவா வரவேண்டும்?

மறுபடி வைத்தாள். பன்னிரண்டுதான்.

இப்போது ஒவ்வொரு பெயரையும் வாசித்து, அதற்கு உரிய கொடியைத் தேடினாள். எப்பிராயீம், மனாசே என்ற இரண்டு பெயர்களுக்குக் கொடி இல்லை. யோசேப்பு என்ற கொடிக்குக் கோத்திரம் இல்லை. புத்தகத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். எப்பிராயீமும் மனாசேயும் யோசேப்பின் பிள்ளைகள்.

அவளுக்கு மயிலிட்டிக் கரை ஞாபகம் வந்தது. பெரியப்பாவின் ஒரு வள்ளம் நின்ற இடத்தில் இப்போது அவருடைய மக்கள் இரண்டு பேரின் வள்ளங்கள் நிற்கின்றன. அதேதான் இது.

ஆனால் யோசேப்பின் கொடி பேதுருவின் கையில் இருந்தது. அவனுடைய அம்மா நூலால் கோதுமைக் கதிர்க் கட்டுப் படம் போட்டுக் கொடுத்த கொடி. அதை இல்லையென்று சொன்னால் அவன் முகம் என்னாகும்? உனக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டால்?

அவள் புத்தகத்தோடு எழுந்து பேதுருவிடம் போனாள்.

"எங்களுக்குப் பிழைச்சது எங்கையெண்டு தெரியுமோ? நாங்கள் பிள்ளையளை எண்ணினது. அவை கோத்திரத்தை எண்ணினவை. யோசேப்பின்ரை இடம் அவன்ரை இரண்டு மக்களுக்கும் போயிட்டுது."

பேதுரு புத்தகத்தைப் பார்த்தான். பிறகு கொடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "என்ரை கொடியை வெட்டப்போறியோ?"

"தாருங்கோ, பாப்பம்." துணியை விரல்களுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தாள். "வெட்டத் தேவையில்லை. இது சாக்கு. முன்னுக்கு ஒரு துணி, பின்னுக்கு ஒரு துணி. படம் முன்னுக்கு மட்டும்தான்."

கொடியில் பெயர்த் துண்டைக் குத்தியிருந்த ஊசியை எடுத்து அவள் தையலைப் பிரித்தாள். வலைச் சிக்கெடுத்துப் பழகிய விரல்கள். ஒரு நூல் விடாமல் கழன்று வந்தது. கோதுமைக் கட்டு இருந்த துணியைப் பேதுருவிடம் கொடுத்தாள். மா ஆலையின் நீல எழுத்து மங்கலாகத் தெரிந்த துணியைத் தான் வைத்துக்கொண்டாள்.

"தடிக்கு என்ன செய்யிறது?" என்றான் பேதுரு.

யாகோப்பு முனகியபடி நிழலை விட்டு எழுந்து போய், வேலியிலிருந்து ஒரு கிளுவந்தடியோடு வந்தான். வந்த வேகத்தில் மறுபடி கூடாரத்துக்குள் புகுந்துகொண்டான்.

"இரண்டு பேரிலை ஆர் மூத்தது?" பேதுரு கேட்டான்.

"மனாசே. ஆனா புத்தகத்திலை எப்பிராயீமைத்தான் முதல் எழுதியிருக்கு."

"அப்ப நான்தான் எப்பிராயீம்."

"ஓம். அப்ப நான் மனாசே. உங்களுக்கு மூப்பு."

பேதுரு ஒரு கணம் விழித்தான். பிறகு சிரித்துவிட்டான். "உன்ரை பேர் என்ன?"

"யசிந்தா."

"யசிந்தா, இஞ்சாலை என்ரை பக்கத்திலை வந்து நில். நீயே எண்ணு."

யசிந்தா தன் துணியைக் கட்டிய கிளுவந்தடியை மணலில் ஊன்றிக்கொண்டு எண்ணினாள். கிழக்கே மூன்று, தெற்கே மூன்று, மேற்கே மூன்று, வடக்கே மூன்று, நடுவில் லேவி. பதின்மூன்று கொடிகள், பதின்மூன்று பிள்ளைகள்.