கட்டகு மொழியில் அம்மா இல்லை

ரேஷ்மி காலியாக விட்டிருந்த இடைவெளியில் பதில் இருந்தது.

ஹெட்போனைக் காதோடு அழுத்தி மறுபடி கேட்டாள். பெங்களூர் வீடியோ கேம் கம்பெனி ஒன்றுக்காக, ஊரில் வீட்டில் இருந்தபடியே அவள் உண்டாக்கிய மொழி. அதைப் பேசுபவை கட்டகுகள்: மண்ணுக்கடியில் வாழும், உதடில்லாத, பல்லோடு பல் தட்டிப் பேசும் கற்பனைப் பிராணிகள். 'பக்கத்தில் யார்?' என்று பல்லைத் தட்டிப் பதிவு செய்துவிட்டு, பதிலுக்காகக் கொஞ்சம் மௌனம் விட்டிருந்தாள். அந்த மௌனத்துக்குள் ஈரமான பற்கள் நிதானமாகத் தட்டின.

'நான்.'

அறையில் வேறு யாரும் இருக்க வழியில்லை. உள்தாழ்ப்பாள் உடைந்த கதவு காற்றில் ஆடிப் பதிவைக் கெடுக்கிறது என்று வெளியே கொண்டி போடச் சொன்னதே அவள்தான்.

“பல்லத் தட்டுனா எவனாவது சம்பளம் தருவானாட்டி?” சற்று முன், மீன் வாங்கக் கொட்டாரம் சந்தைக்குக் கிளம்பும்போது அம்மா சொர்ணம்மாள் கேட்டிருந்தாள்.

“தருவானுவ. நீ கொண்டியப் போட்டுட்டுப் போ.”

“எடையில ஒண்ணுக்கு வந்தா?”

“அடக்குவேன், போம்மா.”

அண்டியாபீசில் முந்திரிக்கொட்டை உடைத்துக் கறுத்த விரல்கள் கொண்டியை மாட்டிவிட்டுப் போயின.

இப்போது கரண்ட் போனது. கம்ப்யூட்டர் அணைந்தது. மணியடித்துத் தொலைக்கும் என்று போனையும் வெளியறையில் வைத்திருந்தாள். ஓட்டின்மேல் ஐப்பசி மழை கொட்ட, சத்தம் புகாமலிருக்கச் சுவரெல்லாம் தொங்கவிட்ட கம்பளிகளின் ஈர வாடைக்குள், கிளறிய மண்ணின் வாடை ஒன்று தரையோடு தரையாக ஊர்ந்து அவள் காலருகே வந்து நின்றது.

பற்கள் தட்டின. 'நீ இரையா, நம்மதா?'

உயிருள்ளவற்றை வகைபிரிக்க அந்த மொழியில் அவள் கொடுத்தது அந்த இரண்டு சொற்கள்தான். காலேஜில் முதல் மார்க் வாங்கிய அன்றைக்கும் இந்த ஊர் கேட்டது “யாருக்க மவளாக்கும்?” என்று. பேர் போதாது, அப்பன் பேர், வீட்டுப் பேர், சாதி பிடிபடும்வரை விடமாட்டார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாத மொழி ஒன்றாவது இருக்கட்டும் என்று அம்மா, அப்பா, மகள் என்ற சொற்களையே அவள் உண்டாக்கவில்லை. கம்பெனிக்காரர்கள் கைதட்டினார்கள்.

ரேஷ்மி பற்களைத் தட்டினாள். 'நம்மது.'

குளிர்ந்த ஏதோ ஒன்று அவள் முகத்தைத் தடவிற்று. வாயைச் சுற்றி மரத்தது. தொட்டுப் பார்த்தாள். விரல் நேராகப் பல்லில் முட்டியது.

மேலுதடு இல்லை. கீழுதடும் இல்லை, கட்டகுகளைப் போல.

வெளிக்கதவு கிறீச்சிட்டது. பாலிதீன் பை சரசரத்தது.

“ஏட்டி, கரண்டு போயிட்டா? நல்ல சாளை கெடச்சு மக்கா.”

தொறக்காதம்மா என்று கத்தினாள். 'ம்' என்று மூட உதடில்லை. வெறும் மூச்சும் ஊளையும்தான் வந்தன.

“இந்தா வாறேன், கத்தாத. அடக்குவேன்னியே!” சொர்ணம்மாள் சிரித்தாள்.

காலருகே இருந்தது கதவுப் பக்கம் திரும்பியது.

'வருவது இரையா?'

அதைப் பிடித்து நிறுத்தக் கைகளால் துழாவினாள். மண். ஈரம். பிடிக்க எதுவுமில்லை. கதவை உதைத்தாள். சத்தத்தைக் கம்பளி விழுங்கிற்று.

'இரையா?'

இல்லை. அம்மா. என் அம்மா. அதற்குச் சொல் இல்லை. அவள் வைக்கவில்லை.

கொண்டி அசைந்தது.

'இரை—'

தட்டினாள். 'நம்மது.' இன்னொரு தரம். 'நம்மது.'

மண்வாடை அவளைக் கடந்து போயிற்று.

கதவு திறந்தது. டார்ச் எரிந்த போன் சொர்ணம்மாளின் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து, கீழிருந்து அம்மாவின் முகத்தைக் காட்டியது. மக்கா என்று கூப்பிடத்தான் பார்த்தாள். பற்கள் மட்டும் தட்டின. கன்னத்தில் இறங்கிய கண்ணீர், தடுக்க உதடில்லாமல், அந்தப் பற்களுக்கிடையே உள்ளே போய்க்கொண்டிருந்தது.